எடைமேடை

புளியரைச் சோதனைச் சாவடிக்கு முந்தைய வளைவில்
அறுபது டன் எடைமேடை. இரவு ஷிஃப்ட் எனக்கு.
கிழக்கே தென்காசிக் காற்று, மேற்கே ஆரியங்காவு மழை,
நடுவில் கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எண்கள்.

எம்-சாண்ட், ஜல்லி, குண்டுக்கல்,
போன வருஷம்வரை மலை என்று பெயர் இருந்த சரக்கு,
பாஸில் எழுதியதைவிட எப்போதும் கொஞ்சம் கனம்.
"வண்டியை அணைச்சிட்டு இறங்குங்க சேட்டா" என்பேன் மைக்கில்.
ஓணத்துக்கு முன்னால் சாமந்தி போகும்.
பூ எவ்வளவு, தார்ப்பாய் எவ்வளவு என்று
எண்ணுக்குத் தெரியாது.

கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.
வடக்கே கல்யாணம். எல்லோரும் போய்விட்டார்கள்.
பாரம் தாங்காமல் அந்தப் பக்கம் தாழ,
தெற்கு மேலே ஏறிவிட்டது.
கூட்டத்தில் ஒருவரைப் பார்த்து, நீர் போம் என்றார்கள்.
குள்ளம். கையில் ஒரு கமண்டலம்.
கல்யாணம் பார்க்க ஆசையா என்று யாரும் கேட்கவில்லை.
நடந்தே வந்து இந்த மலையில் உட்கார்ந்தார்.
சமமாயிற்று.

எனக்கு இதில் கணக்குதான் உதைக்கிறது.
முப்பத்து முக்கோடிப் பேர் ஒரு தட்டில்.
இந்தத் தட்டில் அவருக்குள் இருந்தது என்ன?
ஞானம் என்கிறார்கள்.
நானும் எடை போட்டிருக்கிறேன்:
கிளீனர் சீட்டில் வந்த ஜோசியர் ஒருவர்
இறங்கிக்கொண்டதும் எண்பது கிலோ குறைந்தது.
அவ்வளவே.

ஐப்பசியில் ஒரு ராத்திரி.
மழை விட்டிருந்தது, மேடை காலி,
எண் மட்டும் நாற்பதில் நின்றது.
டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். சேறில்லை, நாயில்லை,
ஈரத் தகடு.
திரும்பி வந்தேன். நாற்பது.
ஒரு பள்ளிப் பிள்ளையின் எடை. அல்லது
மிகக் குள்ளமான, மிக வயதான...
ஏனென்று தெரியாமல் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

ஏதாவது கேட்டிருக்கலாம்.
அவர் இலக்கணம் சொன்ன மொழி என்கிறார்கள்,
அதில் என் வாய்க்கு வந்தது
வண்டி நம்பர் என்ன.

பின்னால் புனலூர் லாரி ஹாரன் அடித்தது.
அடுத்த வண்டி ஏறுமுன் பூஜ்யம் இருக்க வேண்டும், விதி.
அதற்கென்று ஒரு பட்டன் உண்டு.
அழுத்தினேன்.

லாரி ஏறியது, நின்றது, ரசீது வாங்கிப் போனது.
காலி மேடை
மைனஸ் நாற்பது காட்டியது.

லோட் செல்லில் தண்ணீர் என்று
பிற்பாடு மெக்கானிக் தங்கச்சன் சொன்னான்.
ஒரு குப்பி அளவு பிடித்துக் காட்டி
ஓடையில் ஊற்றினான். தெளிந்த தண்ணீர்.
இருக்கலாம்.

அன்று விடியும்வரை
ஒவ்வொரு ரசீதிலும் நாற்பதைக்
கையால் கூட்டி எழுதினேன்.
மைனஸை அழிக்கவும் அதே பட்டன்தான்,
நான் தொடவில்லை.
ஷிஃப்ட் மாற்ற வந்த சுடலைக்கண்ணு
செருப்பைக் கழற்றினான், எண்ணைப் பார்த்தான்,
அழுத்தினான்.
டீ குடிச்சியா என்று கேட்டான்.