இதர வகை

வங்கிப் படிவத்தில் மூன்று கட்டம்:
கான்கிரீட். ஓடு. ஓலை.
வண்ணார்பேட்டை பைபாஸில்
மூன்று மாடி மரச்சட்டம் நிற்கிறது,
ஜவுளிக்கடைக்கு.
எந்தக் கட்டத்திலும் அது அடங்கவில்லை.

"கட்டில் செய்யவா கடன் கேக்கிய?"
மேலாளர் கேட்டதற்கு
காசிம் பிள்ளை சிரிக்கவில்லை.
அவருடைய பதினெட்டு லட்சம்
செங்கோட்டை மில்லில்
காய்ந்துகொண்டிருந்தது.

தீயணைப்பு அதிகாரிக்கு ஒரே கேள்வி.
உத்தரத்தில் மிஞ்சிய துண்டை
மணல்மேல் கிடத்தி
ஊதுவிளக்கைக் காட்டினேன்.
நாற்பது நிமிடம்.
வாட்ச்சைப் பார்த்தார், டீ குடித்தார்,
மகளுக்கு போன் பேசினார்.
அப்புறம் அரிவாளைக் கொடுத்துச்
சுரண்டச் சொன்னேன்.
ஒன்றரை விரற்கடை கரி.
அதன் கீழே
அறுத்த அன்றைக்கு இருந்த மஞ்சள்.

"இரும்பு சொல்லாம கொள்ளாம வளையும் சார்.
இது கரிஞ்சுகிட்டே தாங்கும்."
பேனாவைத் திறந்தார். மூடினார்.
"மேல எழுதுதேன்."

கடன் வந்தது, அரை வட்டி கூடுதலாக.
படிவத்தில் யாரோ
ஸ்கேல் இல்லாமல் நாலாவது கட்டம் இழுத்து
'இதர' என்று எழுதியிருந்தார்கள்.

ஆனி பிறந்தது.
பொதிகைக் காற்று இறங்கிய ராத்திரி
சட்டம் முழுக்க முனகல்.
வாட்ச்மேன் இசக்கிப்பாண்டி
கட்டிலை ரோட்டோரம் இழுத்துப் போட்டார்.
"நீங்களும் வாங்கம்மா."
நான் உள்ளேயே படுத்தேன்,
பயமில்லாமல் இல்லை,
கணக்கை மறுபடி போட்டுக்கொண்டு.
காற்றழுத்தம், பளு, முளையின் விட்டம்.
இரண்டு தடவை ஒரே விடை.
மூன்றாவதில் தூங்கிவிட்டேன்.

விடிந்து பார்த்தால்
வடமேற்குத் தூணில் ஒரு முளை
நெல்மணி அளவு உள்ளே போயிருந்தது.
இறுகியிருக்கிறது.
பக்கத்தில் பென்சிலால்
தேதி எழுதிவைத்தேன்.