விதி ஏழு

ஜட்லாந்துக் காடு, சனிக்கிழமை இரவு.
பல் மருத்துவர் போடில் இன்று சூனியக்காரி.
வாளெல்லாம் ஸ்பாஞ்ச்.
இருபது குரோனுக்கு வாங்கிய
மந்திரப் புத்தகம் மட்டும் அசல்.

நாலு வரி வாசித்தாள்.
சதுப்பிலிருந்து எழுந்து வந்ததற்கு
எல்லோரும் கைதட்டினார்கள்:
"என்ன மேக்கப்!"
தோர்கில் மூன்று முறை வெட்டினான்.
"செத்தாச்சு, படு."
அது படுக்கவில்லை.
பிறகு தோர்கிலின் மூக்குக்கண்ணாடி மட்டும்
பாசிமேல் கிடந்தது.

ஆட்டத்தில் இல்லாதவர்
தலைமேல் முஷ்டி வைக்கவும். விதி ஏழு.
எஸ்பென் வைத்தான்.
அது முகர்ந்தது, யோசித்தது,
இடித்துவிட்டவர்போல் கூச்சத்துடன் விலகிப்போனது.

திங்கள். வரி அலுவலகம்.
கப்பல் கவிழ்ந்தால் கன்னத்தில் கை;
எஸ்பெனுக்கு இன்னும் தலையில்.
ஒற்றைக் கையால் தட்டச்சு.
தோள் கடுக்கிறது.
கவுண்டருக்கு வெளியே சேற்று வாசனை,
வரிசை தப்பாமல்,
டோக்கனோடு.