ஐம்பது கிராம்

"விழுவதற்கு உயரம் வேண்டும்" என்கிறார் கிளியாந்திஸ்,
என் கையெழுத்துப் படியை மூடிவைத்து.
"மீன் எடைபோடுகிறவன்
எங்கிருந்து விழுவான், முக்காலியிலிருந்தா?"

வோலோஸ் துறைமுகத்தில் மழை.
நான் அர்கிரிஸை நினைத்துக்கொள்கிறேன்.
பதினோரு வருடம் தராசில் கட்டைவிரல் வைத்தவன்.
ஐம்பது கிராம், சில நாள் நாற்பது.
மகளின் பல்லுக்குக் கம்பி போடவென்று தொடங்கியது;
பல் நேரான பின்னும் விரல் எழவில்லை.

பழி, கூடநின்ற பையன் ஸீசிஸ் மேல் விழுந்தது.
அன்றும் அர்கிரிஸ் வாய் திறக்கவில்லை.
மத்தி நிறுத்தான். சில்லறை கொடுத்தான்.
வீட்டில் சூப்புக்கு உப்புக் குறைவென்று கத்தினான்.

நான்காம் நாள்,
யாரும் கேட்காத நேரத்தில்,
சந்தை இரைச்சலுக்கு நடுவே
கையை உயர்த்திச் சொன்னான்:
"அந்த விரல் இது."

அரசனாக இருந்தால் இடி இடித்திருக்கும்.
இங்கே
ஏலம் கேட்கிறான் என்று நினைத்து
ஒரு பெட்டி நெத்திலியை
அவன் தலையில் கட்டினார்கள்.
கடற்காகம் ஒன்று
பனிக்கட்டி மேல் எச்சமிட்டுப் போனது.

கிளியாந்திஸ் சிரித்துவிட்டார்.
பிறகு படியைத் திறந்து,
பக்கம் தேடியபடி,
"அந்தப் பெட்டியை என்ன செய்தான்?"