அனைவரும் எழுந்து நிற்கவும்

தார்த்து நகர நீதிமன்றம், மூன்றாம் எண் கூடம்.
பதினோரு ஆண்டுகளாய் என் வேலை
நீதிபதி நுழையுமுன் ஒரு வாக்கியம் சொல்வது:
அனைவரும் எழுந்து நிற்கவும்.
சொல்பவளும் எழ வேண்டும்.
அங்கேதான் சிக்கல்.

உட்கார்ந்திருக்கும்வரை அது சாது.
வேலித் தகராறு, ஜீவனாம்சம், திருடுபோன படகு எஞ்சின்,
இரண்டு மணி நேரம் தட்டச்சு செய்தாலும்
இருக்கிற இடமே தெரியாது.
நாற்காலியை விட்டு இடுப்பு ஒரு சாண் உயர்ந்ததும்
முட்டிக்கொண்டு வரும்,
ஆணை தனக்கே பிறந்தது போல.

போன மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை
சாம்பல் நிறப் பாவாடை உடுத்தியிருந்தேன்.
அன்றைய நடவடிக்கையில் அதற்குமேல்
பதிவு செய்ய எதுவுமில்லை.

பிறகு கறுப்பு மட்டும்.
தண்ணீரைக் குறைத்தேன்; எரிச்சல்தான் கூடியது.
காப்பியைக் குறைக்க மனம் வரவில்லை.
ஊர்க் கழிப்பறைகள் அத்தனையும் மனப்பாடம்.
சந்தைக் கட்டடத்தில் சில்லறை வேண்டும்,
நூலகத்தில் வேண்டாம்,
பேருந்து நிலையத்தில் தாழ்ப்பாள் சரியில்லை.

"வைராக்கியம் போதவில்லை" என்றேன்.
"வைராக்கியத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, வீர்வே"
என்றாள் எனெலி, கையில் பிளாஸ்டிக் இடுப்பெலும்போடு.
தொற்று இல்லை, சர்க்கரை இல்லை என்று
முன்பே சோதித்துத் தாள் வந்திருந்தது.
"நரம்பு புகார் கொடுக்கிறது, பை நிரம்பிவிட்டதென்று.
பாதிகூட நிறைந்திருக்காது.
எழும்போது மேலேயுள்ள கனமெல்லாம் அதன்மேல் இறங்குகிறது,
அடியில் தாங்க வேண்டிய தசை அசந்துவிட்டது.
ஓடாதீர்கள்.
ஓடினால் புகார் உண்மையென்று
நீங்களே ஒப்புக்கொண்டதாகும்."

மூன்று நாள் அளந்து எழுதச் சொன்னாள்.
மற்றவர் வாக்குமூலம் எழுதியே பழகிய கை.
காலை 6.10: நூற்று எண்பது மில்லி.
6.50: அறுபது.
7.30: நாற்பது.
நாற்பது மில்லிக்கா இந்த ஆர்ப்பாட்டம்!
தேநீர்க் கோப்பையில் மிச்சம் விடுகிற அளவு.
குளியலறையில் தனியே சிரித்தேன்.
சிரித்ததற்கும் கொஞ்சம் அபராதம் கட்ட நேர்ந்தது.

இப்போது எழுவதற்கு முன்
நாற்காலி விளிம்புக்கு நகர்கிறேன்.
சபையில் காற்றை அடக்குவது போல உள்ளே சுருக்கி
மூச்சை விட்டபடி எழுகிறேன்.
அப்படியும் வந்தால் அசைவதில்லை.
படபடவென ஐந்து சுருக்கல்,
காலணிக்குள் விரல்களை மடக்கி
நூறிலிருந்து ஏழேழாய்க் கழிக்கிறேன்.
தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு…
அலை ஏறும்.
உச்சியில் நின்று கொஞ்சம் யோசிக்கும்.
இறங்கும்.
அது இறங்கிய பிறகுதான் நடை, அதுவும் நிதானமாக.
எழுபத்திரண்டைப் பெரும்பாலும் தாண்டுவதில்லை.
தாண்டும் நாளுக்கு
கைப்பையில் மாற்றுத்துணி இருக்கிறது.

நேற்று,
உரிமமில்லாமல் ஏரியில் வலை போட்ட வழக்கு.
குற்றம் சாட்டப்பட்டவர் கல்யு, லாரி ஓட்டுநர், அறுபது கடந்தவர்.
என் வாக்கியத்தைச் சொன்னேன்.
எழுந்தார்.
கணுக்கால்களைப் பின்னிக்கொண்டார்.
முகம் அப்படியே ஒரு பக்கம் உறைந்தது.
அரசு வழக்கறிஞர் அதைக் குற்ற உணர்ச்சி என்று எடுத்திருப்பார்.

நீதிபதியைக் காணோம்.
ஒரு நிமிடம். இன்னும் அரை நிமிடம்.
எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு.
சுவருக்கு அப்பால், நீதிபதியின் அறைப்பக்கம்,
தண்ணீர் இழுத்துவிடும் சத்தம்.
கல்யு என்னைப் பார்த்தார்.
நான் பதிவேட்டைப் பார்த்தேன்.
அறுபத்தைந்து.
கதவு திறந்தது.

எல்லோரும் உட்காருமுன்
பத்து நிமிட இடைவேளை கேட்டு
மேடைக்கு ஒரு சீட்டு அனுப்பினேன்.
காரணம் என்ற இடத்தில்
அச்சுப்பொறியில் காகிதம் தீர்ந்துவிட்டது
என்று எழுதியிருந்தேன்.