பிணத்துக்கு வசனம் இல்லை

லிங்கராஜபுரத்தில் மூடிப்போன ஊதுபத்திக் கிடங்கு.
அதைத்தான் நாடக அரங்கம் என்றார்கள்.
கோடை முகாம், நாலு வாரம், எண்ணூறு ரூபாய்,
முடியாதவர்கள் முடிந்ததைத் தரலாம்.
அம்மா இருநூறை எண்ணி வைத்தாள்.
மிச்சத்துக்கு,
கடைசி நாளில் எல்லாருக்கும் எலுமிச்சை சாதம் என்றாள்.
சுமந்த் யோசிக்கவேயில்லை, சரி என்றான்.
அவனுக்கே பத்தொன்பது வயசு, எந்நேரமும் பசி.

பாத்திரங்களுக்குச் சீட்டுக் குலுக்கினோம்.
மோசின் கடன்காரன். பிரீத்தம் போலீஸ்:
சித்தப்பாவின் செக்யூரிட்டி சட்டை,
தோளில் ஏஜென்சி பெயரைக் கறுப்பு டேப்பால் மறைத்தோம்.
நஃபீலா, புருஷனைப் பறிகொடுத்தவள்.
என் சீட்டில் கன்னடத்தில் இரண்டே எழுத்து:
ஹெண.
நம் பால் இங்கே ஹாலு,
நம் பூ இங்கே ஹூவு,
அப்படியென்றால் இது?
அன்றிலிருந்து காலையில்
"ஜெசிந்தா" என்று பேர் கூப்பிட்டால்
நான் வாய் திறக்குமுன் இருபது குரல்:
"செத்துட்டா!"

சாவதற்கும் பயிற்சி வேண்டும்.
வயிறு ஏறி இறங்கக் கூடாது, முதுகால் மூச்சு விடு
என்று படுத்துக் காட்டிய சுமந்த்
அப்படியே தூங்கிப்போனான்.
நான் தூங்கவில்லை.
சாவு வீட்டுக்கென்று ஊதுபத்தி ஏற்றத் தேவையில்லை,
சுவரே இன்னும் சந்தனம் கக்கியது.
கிடக்கிறவளை மறந்துவிடுவார்கள்.
என் தலைக்கு மேலே நின்றுதான்
அப்பா ஆட்டோவை விற்றுவிட்டதை மோசின் சொன்னான்.
கணக்கில் முப்பத்தொன்று வாங்கிய தாளை
அரிசி டின்னில் புதைத்ததை நஃபீலா சொன்னாள்.
இடைவேளையில் உயிர் வந்ததும்
நானும் ஏதேதோ சொல்லியிருக்கிறேன்.

மே கடைசி சனிக்கிழமை.
ஐப்ரோ பென்சிலில் எனக்கு முறுக்கு மீசை.
கார்மென்ட்ஸ் ஷிஃப்ட் முடிந்து
கழுத்து அட்டையைக்கூடக் கழற்றாமல் வந்த அம்மா
மூன்றாவது வரிசையில், மடியில் சாதக் குண்டான்.
இரண்டாம் காட்சியில் பிடித்தது மழை.
தகரக் கூரையில் அது விழுந்த விழலில்
கடன்காரன் கேட்ட பாக்கி எவ்வளவென்று
கடன்காரனுக்கே கேட்கவில்லை.

பிறகு ஒழுகியது.
முதல் சொட்டு காதோரம்.
இரண்டாவது நெற்றி நடுவில்.
சொட்டைவிட
அடுத்த சொட்டுக்குக் காத்திருப்பதுதான் கொடுமை.
பிணம் கண் சிமிட்டக் கூடாது.
ஏழாவதில் மீசை கரைந்து வாய்க்குள் வந்தது,
மெழுகுக் கசப்பு.

"தையல் மெஷினை எடுத்துட்டுப் போ"
என்பது நஃபீலாவின் வசனம்.
அவள் அதைச் சொல்லவில்லை.
கூரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
துப்பட்டாவை உருவி என் முகத்தின் மேல் போட்டு
கன்னடத்தில் என்னைத் திட்டினாள்,
ஒழுகுது ஒழுகுதுன்னு போன மழைக்கே சொன்னேனே,
காதுல வாங்குனியா?
இப்ப பாரு, நீயே நனையிற.

அது அவள் வசனம் இல்லை.
எங்கள் வீட்டு வசனம்.
போன வருஷம் அம்மா,
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த அப்பாவிடம்.

துப்பட்டாவுக்குள் இருட்டு.
மழைக்கு நடுவே மூன்றாவது வரிசையிலிருந்து
ஒற்றையாய் ஒரு சிரிப்பு,
எனக்குத் தெரிந்த சிரிப்பு.
அதன் பின்னால்தான் அரங்கமே சிரித்தது.
எல்லாரும் நிறுத்திய பிறகும் அது நிற்கவில்லை,
எங்கேயோ நடுவில் வேறு ஒன்றாக மாறியது.
என் வயிறு ஏறி இறங்கியதை
யாராவது பார்த்திருக்கலாம்.

கைதட்டலுக்கு அரை மீசையோடு எழுந்தேன்.
நாற்காலிகளை அடுக்கும்போது அம்மா மேடைக்கு வந்து
குனிந்தாள்.
தரையெல்லாம் ஈரம். நான் கிடந்த இடம் மட்டும்
தலையும் தோளும் காலுமாய்க் காய்ந்திருந்தது.
"இவ்ளோ வளர்ந்துட்டியாடி?"
சாண் வைத்து அளக்கத் தொடங்கியவள்
இடுப்பருகே நிமிர்ந்தாள்.
ஐயோ, கரண்டி எடுத்துட்டு வரல.
அதற்குள்
சுமந்த் குண்டானைத் திறந்திருந்தான்.