நனையாத கொண்டை

மீன்வளத்துறைக்கு ஒரு சுவரொட்டி,
திங்கட்கிழமை பத்து மணிக்குள்.
‘பாசி எடுக்கும் பெண்’ என்று தட்டினேன்.

கழுத்து நிறைய மணிகளோடு
சந்தையில் உட்கார்ந்து சிரித்தாள் ஒருத்தி.
பாசி என்றால் அதற்குப் பாசிமணி.
கடல் என்று சேர்த்தேன்.
கடற்கரையில் உட்கார்ந்து மணி கோத்தாள்.
மரிக்கொழுந்துப் பாசி என்றேன்,
தலையில் மரிக்கொழுந்து வைத்துக்கொண்டு வந்தாள்.
கட்டக்கோரை என்றேன்,
பாய் முடையத் தொடங்கிவிட்டாள்.

பாம்பனில் என் கடை.
ஆதார், பட்டா, ஜெராக்ஸ், லேமினேஷன்,
ஆறு மாதமாய்ப் படமும்.
காதணி விழாவுக்கு யானைமேல் குழந்தை,
கபடிக் குழுவுக்குப் புலிமுகம்.
யானையும் புலியும் கூப்பிட்ட குரலுக்கு வந்துவிடும்.
எந்திரத்தைக் குற்றம் சொல்ல முடியாது.
உலகத்துப் படங்களையெல்லாம் தின்று வளர்ந்ததாம்.
சின்னப்பாலத்தில்
கழுத்தளவுத் தண்ணீரில் நிற்பவளை
யார் படமெடுத்தார்கள்,
அதற்குத் தின்னக் கொடுக்க?

பிறகு, சாட்சிக் கூண்டில் ஏறியவன்போல்
ஒவ்வொன்றாய்ச் சொன்னேன்.
சேலைக்கு மேல் புருஷனின் முழுக்கைச் சட்டை.
கண்ணில் ரப்பர் பட்டை வைத்த கண்ணாடி.
விரலுக்கு விரல் பழைய வேட்டித் துணிச் சுற்று.
காலில், தகட்டை வெட்டி வார் கோத்தது.
இடுப்பில் கயிறு, கயிற்று நுனியில் வலைப்பை.
தலை கீழே, கால் மேலே.
மூச்சு இல்லை.

பாதுகாப்புக் காரணங்களால்
இந்தப் படத்தை உருவாக்க இயலாது என்றது.
‘மூச்சடக்கி’ என்று திருத்தினேன்.

பதினேழாவது தடவை
வந்தாள்.

பச்சைத் தண்ணீர். சாய்ந்து இறங்கும் வெயில்.
வலக்கையில் ஆறு விரல்,
ஆறிலும் ஒழுங்காகத் துணி.
முடிதான் மோசம்.
ரெண்டாள் ஆழத்தில்
இப்போதுதான் எண்ணெய் வைத்து வாரியதுபோல்
ஒரு மயிரும் அலையாத
காய்ந்த கொண்டை.

அழிக்கப் போனேன்.
அடையாள அட்டைக்கு நாலு நகல் எடுக்க வந்த நம்பீஸ்வரி
கையை நீட்டித் தடுத்தாள்.
அந்தக் கைக்கு ரேகையே இல்லையென்று
ஆதார் எந்திரம்
இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறது.

“எந்தப் பாரு இது?”
எந்தப் பாரும் இல்லக்கா, கம்ப்யூட்டரு போட்டது.
“தண்ணி கலங்கல் இல்லியே. என்ன காத்து,
சோழகமா, வாடையா?”
காத்தே இல்ல.
“பாரஸ்ட்டுக்காரன்?”
அவனும் இல்ல.

திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்
விரல்களை எண்ணினாள்.
தப்புதான், மாத்திடுவேன் என்றேன்.
“எதுக்கு மாத்துற?
ஒரு வெரலு கூட இருந்தா
ரெண்டு கிலோ கூட வரும்.”

அப்புறம் அந்தக் கொண்டையில் வந்து நின்றது அவள் கண்.
“பன்னெண்டு வயசுல எறங்குனேன்.
இன்னும் தல காஞ்ச பாடில்ல.
இவளப் பாரு.”

பொறாமை இல்லை அதில், கேலியும் இல்லை.
அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு
அரசாங்க வேலை கிடைத்ததைச் சொல்லும் குரல்.

அலுவலகத்துக்கு
ஐந்து விரலும் நனைந்த தலையுமாய் ஒன்று அனுப்பினேன்.
முகம் தெரியலை, சிரிக்கிற மாதிரி வேண்டும் என்றார்கள்.
முதலில் வந்த மணிக்காரியை
இப்போது மண்டபத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.

ஆறு விரல்காரியை
நம்பீஸ்வரி கேட்டு வாங்கினாள்.
கலர் பிரிண்ட், நாற்பது ரூபாய்.
நாலாய் மடித்த ஈர நோட்டுகளை
மேசைமேல் பிரித்து வைத்தாள்.

“லேமினேசன் போட்டுக் குடு தம்பி.
ஓரம் நல்லா ஒட்டணும்,
தண்ணி உள்ள போயிரக் கூடாது.”