தாய் பேர்

வள்ளியூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
மிக்ஸி ரிப்பேர் கடை.
முன்பக்கம் ஜார், பிளேடு, கருகிய மோட்டார்.
திரைக்குப் பின்னே பூலோகபாண்டி
செம்புத் தகட்டில் கட்டம் கீறுகிறார்
பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காம்பஸ் முள்ளால்.

"ஆள் பேரு?"
சிவனணைஞ்சான்.
"நட்சத்திரம்?"
கேட்டை.
"தாய் பேரு?"

அந்த இடத்தை நான் யோசித்து வரவில்லை.

ராதாபுரம் பத்திர ஆபீஸில்
தகப்பன் பேர்தான் கேட்டார்கள்.
பட்டா மாத்த ஒரு கையெழுத்துக்கா,
இங்க, இங்க, அடியில இன்னொண்ணு என்று
விரல் வைத்துக் காட்டினான் தம்பி.
விடுதலைப் பத்திரம் என்று அதற்குப் பேராம்.
பதினோரு செண்டிலிருந்து
என்னை விடுதலை செய்துவிட்டார்கள்.
மறுவாரம் காற்றாலைக் கம்பெனிக் கார்
அவன் வீட்டு முன்னால் நின்றது.

"சொல்லுங்க யக்கா. தகப்பன் பேரு தகட்டுல ஏறாது.
அது ஊர் சொல்லுத பேரு."

ஆவுடைத்தங்கம் என்றேன்.
ஆவுடைத்தங்கம் வயித்தில் பிறந்த
என்று கீறும்போது
கார்பன் பிரஷ் கேட்டு ஒரு ஆள் வந்தான்.
முள்ளை வைத்துவிட்டு எழுந்து போனார்.
அரைவரி என் முன்னால் கிடந்தது.
அந்த வயிற்றில் பிறந்தது இரண்டு பேர்.
சில்லறை எண்ணி முடிக்கும்வரை
அது யாருக்கு என்று தகட்டுக்கும் தெரியாது.

இடது காலடி மண் வேண்டும்.
விடியுமுன் போனேன். தெருவெல்லாம்
அவன் புல்லட் டயரின் தடம்,
ரப்பர் செருப்பின் பூ.
வெறுங்காலோடு அவன் நடந்து
எத்தனை வருசம் ஆகிறதோ.
செருப்புப் பூவையே வழித்து வந்தேன்.
"இது செருப்புக்குல்லா ஏறும்" என்றவர்
யோசித்து, சரி தாங்க என்று வாங்கிக்கொண்டார்.
இரண்டாயிரம் ரூபாய் பெறப்பட்டது
என்று கத்தியது பெட்டி,
முன்கடைக்கும் கேட்கும்படி.

வெள்ளிக்கிழமை, நிலைவாசலுக்கு அடியில்.

புதைக்கவில்லை.
இரக்கமெல்லாம் இல்லை.
வாசலில் மண்ணே இல்லை, கிரானைட் போட்டிருந்தான்.
என் பதினோரு செண்டு
கறுப்பாகப் பளபளத்துக் கிடந்தது.

தகடு கைப்பையிலேயே இருந்தது,
ரேஷன் கார்டுக்கும் குடைக்கும் நடுவே.
நாலாம் நாள் சண்முகவடிவு போன்:
"மதினி, அவுகளுக்குக் காய்ச்சல் விடல.
ஊசி ரெண்டு போட்டாச்சு. யாரோ செஞ்சு வச்சிருக்காவ.
நீங்க வந்து சுத்திப் போடுங்க,
கூடப் பிறந்த கை."

போனேன்.
ஏழு மிளகாய், கல்லுப்பு, முச்சந்தி மண்.
இடமிருந்து மூன்று, வலமிருந்து மூன்று.
வந்தவ கண்ணு, போனவ கண்ணு,
வாசலை அளந்த கண்ணு, கல்லை எண்ணுன கண்ணு...
அடுத்தது எனக்கு வரவில்லை.
வெறும் கையைச் சுற்றினேன்.
துப்புல என்றேன்.
கண்ணைத் திறக்காமலே மூன்று தரம் துப்பினான்.
ஒன்று என் மணிக்கட்டில் விழுந்தது,
கஞ்சித் தண்ணி மாதிரி சூடு.

அடுப்பில் போட்டதும் எல்லோரும் காத்திருந்தோம்.
மிளகாய் வெடித்தது. ஒருத்தரும் இருமவில்லை.
"பாத்தியளா மதினி, நெடியே இல்ல" என்று
சண்முகவடிவு வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டாள்.
"எவ கண்ணோ, நாசமாப் போவா."
ஆமா என்றேன்.
கைப்பை என் இடுப்போடு ஒட்டியிருந்தது.

பஸ்ஸில் இருந்து பாண்டிக்குப் போன் போட்டேன்.
புதைக்காத தகடு வேலை செய்யுமா?
"பாக்கி ஆயிரம் போடுங்க யக்கா, சொல்லுதேன்."

காவல்கிணறு தாண்டியதும்
இரண்டு பக்கமும் காத்தாடிகள்.
அதில் ஒன்றின் கால்
என் மண்ணில் நிற்கிறது.
மணிக்கட்டை இன்னும் கழுவவில்லை.

அவனுக்குக் காய்ச்சல் இறங்கட்டும்.
இறங்கினதும் வக்கீலைப் பார்க்கணும்.
அங்கே தகப்பன் பேர்தான் கேட்பார்கள்,
சொல்லிவிடலாம்.